பதின்மூன்று பொட்டலம் கஞ்சிப்பாசி

சந்தேகப்படுவதற்காகவே எனக்குப் பதினேழு வருடம் சம்பளம் கொடுத்தார்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருக்காலை. அதன் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. உலையிலிருந்து ஒவ்வொரு முறை இரும்பு இறங்கும்போதும் ஒரு துண்டு என் மேசைக்கு வரும். அதைத் தேய்த்து, இயந்திரத்தில் வைத்துப் பொறி பறக்கவிட்டால் கரி எவ்வளவு, கந்தகம் எவ்வளவு என்று எண்கள் வரும். நேற்று வந்த எண்ணே இன்றும் வர வேண்டும். வராவிட்டால் உலைக்குப் போன பழைய இரும்பில் எவனோ எதையோ கலந்திருக்கிறான் என்று அர்த்தம். எவன் என்று தெரிகிற வரை எனக்குச் சோறு இறங்காது. "நீங்க கொழம்பக்கூட டெஸ்ட் பண்ற மாதிரிதான் துன்றீங்க" என்பாள் மனைவி. அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

உலைச் சூடும் தூசியும் நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகு, போன வருடம் நாலு தெரு தள்ளி ஒரு சின்ன ஆலைக்கு மாறினேன். அங்கே கடற்பாசியைக் காய்ச்சிப் பயிருக்குத் தெளிக்கிற உரம் செய்கிறார்கள். புதிதாக மாட்டுத் தீவனத்தில் சேர்க்கப் பாசித் தூளும் அரைக்கத் தொடங்கியிருந்தார்கள். உரத்துக்கு ஈரமும் மணலும் பார்த்தால் போதும். தீவனம் என்றால் புரதம் எவ்வளவு என்று சொல்லியாக வேண்டும். அதற்கான கருவிகளை வாங்கி வைத்துவிட்டு, அவற்றை ஓட்டத் தெரிந்த ஆளாக என்னை எடுத்தார்கள்.

பொன்னேரியில் என்னோடு ரயில் ஏறுகிற உருக்காலைக் கூட்டாளிகளுக்குப் பொழுது நன்றாகப் போயிற்று. என் சட்டையில் ஏறிய வாசனை அப்படி. "இன்னாபா, இரும்புல இருந்தவன் இப்ப கருவாடு விக்கப் பூட்டியா?" என்று ஒருவன் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்காருவான். எனக்கும் உள்ளுக்குள் தாழ்வாகத்தான் இருந்தது. ஆயிரத்து அறுநூறு டிகிரியில் கொதிக்கிறதைப் பார்த்தவனுக்கு, மூட்டையில் சுருண்டு கிடக்கிற பாசியெல்லாம் ஒரு பொருளா?

பாசி பழவேற்காட்டு ஏரியிலிருந்து வந்தது. கஞ்சிப்பாசி என்பார்கள். நூல் நூலாகக் கிளை விட்டு, காய்ந்தால் கையில் முறுமுறுக்கும். வேகவைத்தால் கஞ்சியாகக் குழைந்து, ஆறினதும் உறைந்துவிடும். பதினொரு பெண்கள் தண்ணீரில் இறங்கிப் பறித்து, கரையில் காயவைத்து, மூட்டை கட்டிக் குட்டியானை வண்டியில் அனுப்புவார்கள். மூட்டை கட்டுவதும் எங்களிடம் ஒப்படைப்பதும் அவர்களில் ஒருத்தி. என் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்தைத் தொட்டவள். வந்தால் மூட்டையைப் பிரித்துக் காட்டிவிட்டு, நான் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பிடி எடுக்கிற வரை இடுப்பில் கை வைத்து நிற்பாள். பேச்சு அதிகமிருக்காது.

எடுத்த பிடியில் பாதியைச் சோதிப்பேன். மீதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டி, தேதி எழுதிப் பீரோவில் வைக்க வேண்டும். பின்னால் தகராறு வந்தால் எடுத்துப் பார்ப்பதற்காக ஒரு வருடம் வைத்திருப்பது எங்கள் தொழிலில் வழக்கம். எனக்கு முன்னால் இருந்த கெமிஸ்ட் அதில் கறாரான ஆள். மாதத்துக்கு ஒன்று தவறாமல் வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்தப் பீரோவைத் திறந்தாலே ஏரி வாசனை முகத்தில் அடிக்கும்.

புரதம் பார்ப்பது கொஞ்சம் பொறுமையான வேலை. பாசியை அமிலத்தில் போட்டு மணிக்கணக்கில் வேகவைக்க வேண்டும். அது கரைந்து தெளிந்ததும் காரம் சேர்த்துக் காய்ச்சினால் அம்மோனியா கிளம்பிக் குழாய் வழியாக ஒரு குடுவைக்குள் வரும். குடுவையில் ரோஜா நிறத்தில் இருக்கிற தண்ணீர் பச்சையாகும். அதை மறுபடி ரோஜாவாக்க எத்தனை சொட்டு அமிலம் செலவாகிறதோ, அதை வைத்துப் புரதத்தைக் கணக்கிடலாம்; சொட்டு கூடினால் புரதமும் அதிகம். மாசியில் வந்த முதல் சரக்கைச் சோதித்தேன். எண் நன்றாக வந்தது. பாசியும் கறுஞ்சிவப்பாக, பழைய ரத்தக் கறை நிறத்தில் இருந்தது. சரி, இந்தப் பொருளின் எண் இதுதான் என்று மனதில் ஆணி அடித்துக்கொண்டேன்.

பங்குனியில் எண் கொஞ்சம் இறங்கியது. சித்திரைக் கடைசியில் வந்த சரக்கில் மாசி எண்ணில் பாதியைக்கூடத் தொடவில்லை. மூன்று தடவை வேகவைத்தேன். அமிலத்தை மாற்றினேன். பாசி இல்லாமல் வெறும் குடுவையையும் ஓட்டிப் பார்த்தேன். என் பக்கம் பிழையில்லை. பாசியைப் பார்த்தால் வைக்கோல் நிறத்தில் வெளுத்துக் கிடந்தது. எங்கோ குடிசையில் கிடந்து மக்கிய பழைய சரக்கைப் புதுசோடு கலந்து கட்டியிருக்கிறார்கள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்த 'உடனே'யை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

அறிக்கைத் தாளில் 'புரதம் குறைவு' என்று எழுதினேன். அதற்குக் கீழே 'குறைவுக்குக் காரணம்' என்று ஒரு கோடு போட்டிருக்கும். இரும்பாலையில் அந்தக் கோட்டை நான் ஒருநாளும் காலியாக விட்டதில்லை. 'கலப்படம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூட்டைகள் திரும்பிப் போயின. தாளின் ஒரு நகலும் அவற்றோடு போயிற்று.

ஐந்தாம் நாள் காலை அவள் வாசலில் நின்றாள். பழவேற்காட்டில் பஸ் பிடித்து, பொன்னேரியில் ரயில் மாறி வந்திருந்தாள். கையில் பிளாஸ்டிக் கவருக்குள் என் தாள். காவலாளி உள்ளே விடவில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானுமாகத்தான் பேசினோம்.

"கம்மியா கீதுன்னு எய்து சார், நான் ஒத்துக்கறேன். கலப்படம்னு இன்னாத்துக்கு எய்தின?"

"கலக்காம எப்பிடிமா பாதியாகும்? பயசும் புதுசும் சேத்துக் கட்டிக்கீறீங்க."

"நீ பாத்தியா?"

"டெஸ்ட்ல தெரியுது."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கவரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

"இந்தப் பேப்பர ஊர்ல படிச்சிட்டாங்க சார். மூட்ட கட்றது நானு. அப்ப நான்தான் கலந்தேன்னு பாதி பேரு. மீதி பேரு, அவ கலந்தா இவ கலந்தான்னு அவுங்களுக்குள்ளயே மொறச்சிக்கினு கீறாளுங்க. நாங்க எப்பிடி பாசி எடுக்குறோம்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. அவள் சொன்னாள். மார்பளவு தண்ணீரில் பதினொரு பேரும் ஒருவர் பின்னால் ஒருவராக வரிசையாகப் போவார்களாம். ஏரிக்கு அடியில் எந்தக் காலத்திலோ கிளிஞ்சல் தோண்டிய பள்ளங்கள் இருக்கின்றன. மேலே இருந்து பார்த்தால் தெரியாது. முன்னால் போகிறவள் காலால் தடவிக்கொண்டே போய், பள்ளம் தட்டுப்பட்டால் 'பள்ளம்' என்று குரல் கொடுப்பாள். பின்னால் வருகிறவர்கள் அப்படியே நிற்க வேண்டும். அவள் வழி மாற்றினால் அவர்களும் மாற்ற வேண்டும். எப்போதும் முன்னால் போவது இவள்தான்.

"நேத்து பள்ளம்னு கத்துறேன். பின்னால வந்தவ நிக்கல சார். அங்க பாசி நெறைய கீது, அத்த நான் மட்டும் எடுத்துக்கத்தான் பொய் சொல்றேன்னு நெனச்சிக்கினா. எறங்கிட்டா. முடியப் புட்ச்சித் தூக்கினோம். வாயில மூக்குல தண்ணி. நாளைக்கு எவ எறங்குவாளோ." கவருக்குள் இருந்த தாளை விரலால் தட்டினாள். "இந்த ஒரு வார்த்தைக்குத்தான்."

எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் வீம்பு விடவில்லை. டெஸ்ட் பொய் சொல்லாது என்று ஏதோ முணுமுணுத்தேன்.

"உன் டெஸ்ட்ட நான் கொற சொல்லல. மய பேஞ்சப்பறம் வர்றது கறுப்பா வரும், வெயில்ல வர்றது வெளுத்துதான் வரும். தண்ணிக்குள்ளயே வெளுத்துடும். முன்ன இருந்த சார் மாசா மாசம் ஒரு புடி எடுத்து ஒட்டி வெப்பாரே, அதுல போன சித்திர கீதா பாரு. இருந்தா அதையும் வேக வெச்சிப் பாரு."

அவ்வளவுதான். திரும்பி ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டாள்.

போன சித்திரைப் பொட்டலம் இருந்தது. ஆனால் பீரோவில் இல்லை. ஒரு வருடம் தாண்டியதால் முந்தின நாள்தான் அதையும் வேறு குப்பைகளையும் ஒரு சாக்கில் போட்டுக் கொதிகலனில் எரிக்க அனுப்பியிருந்தேன். ஓடினேன். நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதெல்லாம் அப்போது நினைவில்லை. சாக்கு கொதிகலன் பக்கத்திலேயே, அடுத்து உள்ளே போக வேண்டிய மரத்தூள் மூட்டைகளோடு சாய்ந்திருந்தது. தலைகீழாகக் கொட்டினேன். "இன்னா சார், மோதரம் கீதரம் வுயுந்துட்சா?" என்றார் கொதிகலன்காரர். பொட்டலம் கிடைத்தது. வெளியிலிருந்தே தெரிந்தது. வைக்கோல் நிறம்.

அதை மட்டும் சோதித்திருந்தால் போதும். ஆனால் பழைய சந்தேகப் புத்தி, ஒன்றோடு விடவில்லை. போன சித்திரையிலிருந்து இந்தச் சித்திரை வரை மொத்தம் பதின்மூன்று பொட்டலம். ஒரு வாரம் தினசரி வேலை போக மிச்ச நேரத்தில் எல்லாவற்றையும் வேகவைத்தேன். முதலில் முடித்தது போன சித்திரையை. சொட்டுச் சொட்டாக அமிலத்தை விட்டுக்கொண்டே வந்தேன். பச்சை சீக்கிரமே ரோஜாவாகிவிட்டது. இந்தச் சித்திரைக்கு எங்கே நின்றதோ, கிட்டத்தட்ட அதே இடம்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. வைகாசி இன்னும் கீழே. ஆனியும் அப்படித்தான். ஆடியில் ஒரு துள்ளல். ஏன் என்று புரியவில்லை. ஆவணியில் மறுபடி இறக்கம். ஐப்பசியில் அசைவு தெரிந்தது. மார்கழியில் ஏறியது. தையில் குழாயில் இருந்த அமிலம் முழுக்கத் தீர்ந்தும் குடுவை பச்சையாகவே நின்றது. மறுபடி நிரப்பி விட வேண்டியிருந்தது. வெள்ளை ஓடு பதித்த மேசையில் பொட்டலங்களை மாத வரிசையில் பரப்பினேன். வெளிர் மஞ்சளில் தொடங்கி, நடுவில் ஆடி மட்டும் கறுத்து நிற்க, காவியாகி, கறுஞ்சிவப்பாகி, மறுபடி வெளுத்து வந்து முடிந்தது. ஒரு வருடம் முழுசாக என் மேசை மேல் கிடந்தது. வெயிலும் மழையும் ஆற்றுத் தண்ணீரும் ஒரு பிடிப் பாசிக்குள் போய் உட்கார்ந்து இத்தனை நாள் பீரோவில் எனக்காகக் காத்திருந்திருக்கின்றன. பதினேழு வருடம் உலை பார்த்தபோது வராத பிரமிப்பு அன்று வந்தது. உடம்பு சிலிர்த்தது என்று சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ, சிலிர்த்தது.

புரதம் இல்லாத மாதங்களில் அது என்னதான் செய்துகொண்டிருந்தது என்று பார்க்க ஆசை வந்தது. தைப் பாசியிலும் சித்திரைப் பாசியிலும் சம அளவு எடுத்துத் தனித்தனியாகக் காய்ச்சி, வடிகட்டி, இரண்டு டம்ளரில் ஊற்றி வைத்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து கவிழ்த்தேன். தைக் கஞ்சி தட்டில் சரிந்து ஓடியது. சித்திரைக் கஞ்சி டம்ளருக்குள்ளேயே கெட்டியாக நின்றது. கீழே விழவில்லை. தட்டினேன், அப்போதும் விழவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் எதைக் குறை என்று எழுதினேனோ, அது குறையே இல்லை. அந்தச் செடி ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கி வைத்திருக்கிறது.

அதன் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். கோடையில் ஆறு வராது. ஏரித் தண்ணீரில் பாசிக்கு வேண்டிய தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், தீர்ந்துபோகும். ஆனால் வெயில் கொட்டோ கொட்டென்று கொட்டும். வெயிலை வைத்துச் சர்க்கரை செய்து, தன் உடம்புச் சுவரில் கோந்தாகச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. மழை பெய்து ஆறு வந்தால் தழைச்சத்தை வாரி விழுங்கிப் புரதமாக்கி வைக்கிறது. அதை எங்கே வைக்கிறது தெரியுமா? பெருமளவு அதன் நிறத்தில். அந்தக் கறுஞ்சிவப்பே ஒரு புரதமாம். பஞ்ச காலத்தில் தன் நிறத்தைக் கரைத்துத் தின்று வளர்கிறது, அதனால்தான் வெளுக்கிறது. வேரில்லை, பூவில்லை, கல்லைப் பிடித்துக்கொண்டு ஆடுகிற ஒரு நூல். அதற்கு இவ்வளவு தெரிந்திருக்கிறது. தன் நிறத்தையே சாப்பிட்டு உயிரோடு இருந்த ஒன்றைப் பார்த்து நான் கலப்படம் என்று எழுதினேன்.

இதில் எனக்கு இன்னொரு வெட்கமும் இருந்தது. ஆரணியாற்றங்கரையில் நெல் விளைவிக்கிற குடும்பத்தில் பிறந்தவன் நான். பருவம் மாறினால் பயிரும் மாறும், சொர்ணவாரி நெல் வேறு, சம்பா வேறு, நவரை வேறு என்று பால்குடி மறக்கும் முன்பே தெரியும். அண்ணன் இன்னமும் அங்கேதான் பயிர் வைக்கிறான். யூரியா போட்ட மறுநாள் பெருமழை பிடித்துக்கொண்டால் போன் பண்ணிப் புலம்புவான்: "போச்சுடா, அத்தினியும் ஆத்தோட பூட்ச்சு." ஆரணியாறு போய்ச் சேர்வது பழவேற்காட்டு ஏரியில். அண்ணன் வயலிலிருந்து போனதில் கொஞ்சம் எங்கே போயிற்று என்பதைத் தைப் பொட்டலமாக நான் கையில் பிடித்திருந்தேன். அதை அரைத்த தூள் மாட்டுத் தீவனத்தில் போகிறது. அண்ணன் வீட்டு மாடே தின்றிருந்தாலும் தின்றிருக்கும்.

மேனேஜரிடம் போனேன். ஆந்திர எல்லைப் பக்கத்து மனிதர், எல்லோரும் அவருக்கு நைனாதான். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன். பொட்டலங்களை வரிசையாக அடுக்கினேன். அவரும் அசந்துதான் போனார். ஆனால் அறிக்கையை மாற்ற வேண்டும் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இத பாரு நைனா, கையெய்த்துப் போட்ட ரிப்போர்ட்ட மாத்தினா, நாளைக்கு உன் எந்த ரிப்போர்ட்ட எவன் நம்புவான்? அடுத்த லோடு வாங்கிக்கலாம். எதுக்குப் பயசக் கெளர்ற?"

எனக்குக் கோபம் வந்தது. நானே பதினேழு வருடம் மற்றவர்களிடம் பேசிய வசனம் அது என்பதால் கூடுதலாக வந்தது. அங்கே இரும்புக்குத் தப்பான சான்று கொடுத்தால் என்றைக்கோ ஒருநாள் கம்பி வளையும்; இங்கே நாளைக்கே ஒருத்தி பள்ளத்தில் இறங்குவாள் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போய் எய்து. ஆனா புதுத் தாள் குடுக்காத. அதே தாள்ல, நீ போட்ட கையெய்த்துக்குக் கீயேவே எய்து. யாரு தப்பு பண்ணதுன்னு தெரியணும்."

அது தண்டனையா நியாயமா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று இப்போது படுகிறது. வெயில்காலச் சரக்கை உரத்துக்கும், மழைக்குப் பிந்தின சரக்கைத் தீவனத்துக்கும் எடுத்துக்கொள்வது என்று அன்றே முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை பதின்மூன்று பொட்டலத்தையும் பையில் போட்டுக்கொண்டு பழவேற்காடு போனேன். வைகாசி வெயில் ஏழு மணிக்கே சுட்டது. ஏரி உள்வாங்கி, கரையில் உப்பு பூத்திருந்தது. பெண்கள் தண்ணீரில் இறங்கத் தயாராக நின்றார்கள். நின்ற விதமே சரியில்லை. மூன்று பேர் ஒரு படகின் பக்கம், நாலு பேர் தள்ளி, மற்றவர்கள் இன்னும் தள்ளி. என் ஆள் தனியாகச் சாக்கை உதறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் முகம் மாறவில்லை.

"நீங்க சொன்னதுதான் சரி யக்கா. நான்தான் தப்பா எய்திட்டேன்" என்றேன். நாலு பேர் காதில் விழட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். தள்ளி நின்றவர்களில் ஒருத்தி, "அவ போய்ப் பேசி வெச்சிக் கூட்டியாந்துக்கீறா" என்றாள். வெறும் வாய் வார்த்தைக்கு இங்கே மதிப்பில்லை என்று புரிந்தது. என் தாள் ஒன்றே ஆன மட்டும் கெடுத்திருக்கிறது. இன்னொரு தாளை யார் நம்புவார்கள்?

அங்கிருந்த கவிழ்த்துப்போட்ட படகின் மேல் பொட்டலங்களைக் கொட்டினேன். தேதி எழுதிய பக்கத்தைக் கீழே கவிழ்த்து, எல்லாவற்றையும் கலைத்துவிட்டேன்.

"எது எந்த மாசம்னு சொல்லுங்க பாக்கலாம். ஆளுக்கு ஒண்ணு எடுங்க."

வேடிக்கை பார்க்கத்தான் முதலில் வந்தார்கள். ஒருத்தி உறையைப் பிரித்து ஓர் இழையைக் கிள்ளிக் கடித்தாள். "இது தை" என்றாள். இன்னொருத்தி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இது பொரட்டாசி, நுனி மட்டும் வெளுத்துக்கீது பாரு" என்றாள். ஒவ்வொன்றாகப் படகின் மேல் இடம் பிடித்தது. மெல்ல மெல்ல அதே வரிசை உருவாயிற்று. நான் ஒரு வாரம் அமிலத்தில் வேகவைத்துக் கண்ட ஏற்றமும் இறக்கமும் ஐந்து நிமிடத்தில் என் கண் முன்னால் வந்து படுத்தது.

ஒரே ஒரு பொட்டலத்துக்குச் சண்டை. கறுப்பாக இருந்தது. மார்கழி என்றாள் ஒருத்தி. "மார்கயி அங்க வெச்சாச்சு, கண்ணு தெரியல?" என்றாள் இன்னொருத்தி. ஐப்பசி, இல்லை கார்த்திகை என்று குரல்கள் ஏறின. என் ஆள் அதை வாங்கிப் புரட்டினாள். இழைக்கு நடுவில் மிளகைவிடச் சின்னதாகச் சிப்பிகள் ஒட்டியிருந்தன.

"ஆடி" என்றாள்.

"ஆடியில எப்பிடிடி இவ்ளோ கறுக்கும்?"

"போன ஆடியில மேல மய பேஞ்சு ஆத்துல கலங்கலா தண்ணி வந்துச்சே. பத்து நாளு எறங்க முடியாம உக்காந்துக்கினு இருந்தமே, அதான் பறிக்காம கெடந்ததுல சிப்பி ஒட்டிக்கிச்சு. மறந்துட்டியா?"

கேட்டவள் ஒரு கணம் யோசித்தாள். "ஆமா, எம்பொண்ணுக்குக் காது குத்தினோம், அப்ப" என்றாள். சில நாள் முன்பு குரலுக்கு நிற்காமல் பள்ளத்தில் இறங்கித் தப்பியவள் அவள்தான் என்று பிறகு தெரிந்தது. நான் பொட்டலத்தைத் திருப்பித் தேதியைக் காட்டினேன். ஆடி. ஏன் என்று எனக்குப் புரியாமல் கிடந்த அந்தத் துள்ளலுக்கும் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. மாதம்கூட இல்லை, தண்ணீர்தான் கணக்கு.

மஞ்சளாக இரண்டு பொட்டலம் கடைசியில் மிஞ்சியிருந்தன. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். "ரெண்டும் சித்திர" என்றார்கள். ஒன்று போன வருடத்தது, ஒன்று நான் திருப்பி அனுப்பியது. எது எது என்று அவர்களுக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியவில்லை என்பது என்ன என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. யாரும் எதையும் கலக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவும் கூச்சமாக இருந்தது போலிருக்கிறது. எல்லோரும் பாசியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் இடுப்பிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். தாளைப் பிரித்துப் படகின் மேல் விரித்தாள். நான் 'கலப்படம்' என்பதன் மேல் கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில், 'பருவ மாற்றத்தால் நீரிலுள்ள தழைச்சத்து குறைந்து' என்று தொடங்கினேன்.

"இன்னா சார் ரயிலு மாதிரி எய்திக்கினே போற? இத்த எவ படிப்பா?" என்றாள். "சித்திரன்னு எய்து. போதும்."

அதையும் அடித்துவிட்டு எழுதினேன். குறைவுக்குக் காரணம்: சித்திரை. கீழே, பழைய கையெழுத்துக்கு அடியில் புதுக் கையெழுத்து.

அவள் தாளை மடித்துக் கவரில் போட்டு, தண்ணீர் படாமல் படகுக்கு அடியில் செருகினாள். சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. படகுப் பக்கம் நின்றவர்கள் முதலில் போனார்கள். பிறகு மற்றவர்கள். காது குத்தியதைச் சொன்னவள் கடைசியாக ஓடிப்போய், வரிசையில் அவளுக்கு அடுத்த இடத்தில் நுழைந்துகொண்டாள்.

கரையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் இடுப்புக்கு ஏறி, மார்புக்கு ஏறியது. கால்களுக்கு அடியில், எனக்குத் தெரியாத ஆழத்தில், அந்த வெளிறிய இழைகள் மழைக்காகக் காத்துக்கொண்டிருந்தன. கொஞ்ச தூரத்தில் அவள் கை உயர்ந்தது.

"பள்ளம்!"

பின்னால் வந்த பத்துப் பேரும் அப்படியே நின்றார்கள்.